கணக்கில் வராத தூண்

இயற்பியல் படித்தவன் கையில் கயிற்றைக் கொடுக்கக் கூடாது. அவன் அதைக் கயிறாகப் பார்க்க மாட்டான். கோடாகப் பார்ப்பான். கோட்டின் நுனியில் ஓர் அம்புக்குறி போடுவான். போட்ட பிறகு, உலகம் அந்தத் திசையில் நகர்ந்தே தீர வேண்டும் என்று எதிர்பார்ப்பான்.

நான் யாரையும் பழித்துச் சொல்லவில்லை. கோல சிலாங்கூர் வட்டாரத்து இடைநிலைப் பள்ளிகளில் இருபத்தாறு வருடமாக இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன் நான்தான். ஒரு கயிறு, ஒரு வேன், ஒரு தூண் ஆகிய மூன்றை வைத்து என் முதல் கல்யாணத்தை நடக்கவிடாமல் செய்தவனும் நான்தான். (என் மனைவி சரஸ்வதி இதைப் படித்தால், ‘நடக்காத கல்யாணத்துக்கு எதுக்கு நம்பர்?’ என்று கேட்பாள். நியாயமான கேள்வி. ஆனால் அன்றைக்கு அது நடக்கும் என்று நம்பினேன். நம்பியதற்காவது ஓர் எண் கொடுக்கலாம்.)

இருபது வருடத்துக்கு முந்தைய கதை. எனக்கு முப்பது வயது. அதற்குள் ஐந்து வீடுகளில் பெண் பார்த்து, ஐந்திலும் அவர்கள் என்னைப் பார்த்துவிட்டார்கள். மூன்றாவது வீட்டில், சீலிங் ஃபேன் ஏன் கூரையை விட்டுப் பறந்து போவதில்லை என்று கேட்காமலே விளக்கினேன். நான்காவது வீட்டில் டீயை ஆற்றுவதில் உள்ள வெப்ப இழப்பைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. அம்மா சலித்துப் போனார். அப்பா இல்லாத வீடு. எல்லாவற்றையும் அம்மாவும் தாய்மாமா கதிர்வேலுவும்தான் பார்த்துக்கொண்டார்கள்.

“இதுதான் கடைசி, குணா,” என்றார் அம்மா. “இதுவும் போச்சுன்னா நான் யார் வீட்டுப் படியும் ஏற மாட்டேன். நீ ஃபேனையே கட்டிக்க.”

ஆறாவது வீடு புக்கிட் ரோத்தானைத் தாண்டிச் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் காட்டை ஒட்டி இருந்தது. பெண்ணின் பெயர் தேவகி. ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. செய்து வரும் பொருள்களை இழுத்தும் வளைத்தும் எது எங்கே உடைகிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். (இந்தத் தகவல் முன்கூட்டியே என்னிடம் இருந்தது. அதை வைத்து நான் ஒன்றும் செய்யவில்லை.) அனுப்பிய படத்தில் அவள் சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. அதைவிட, அவள் தன் அம்மா மூலமாக ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள்: ‘அவரு என்ன மாதிரி புத்தகம் படிப்பாருன்னு கேளுங்க.’ அதுவரைக்கும் பெண் வீட்டிலிருந்து என் சம்பளத்தைப் பற்றித்தான் கேள்வி வந்திருக்கிறது. என்னைப் பற்றி முதல்முறையாக ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டு நாள் நான் வகுப்பில் யாரையும் திட்டவில்லை.

ஜாதகத்தில் பத்துப் பொருத்தமும் இருந்தது. அம்மா அந்தத் தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்குப் போவதாக ஏற்பாடு. நாலரைக்கு ராகு காலம் பிறக்கிறது; அதற்குள் பேசி முடித்து, சம்மதம் வாங்கி, வாசலைத் தாண்டிவிட வேண்டும். தாண்டாவிட்டால் ஆறு மணி வரை அங்கேயே இருக்க வேண்டும். ஆறு மணி வரை இருந்தால் அவர்கள் சாப்பாடு போடாமல் விட மாட்டார்கள். சம்மதம் சொல்லாத வீட்டில் நாம் கை நனைக்கக் கூடாது. ஆகவே ஒன்றரை மணி நேரம்தான் எங்கள் கையில். அம்மா இதை வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

என் கார் அந்த வாரம் பட்டறையில் கிடந்ததால் மாமாவின் வேனில் போனோம். மாமா பாசிர் பெனம்பாங்கில் மீன் எடுத்துத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய் விற்பவர். வேனை மூன்று முறை கழுவி, உள்ளே மல்லிகைச் சரம் தொங்கவிட்டிருந்தார். மல்லிகைக்கும் கெம்போங் மீனுக்கும் நடந்த போரில் மல்லிகை புக்கிட் ரோத்தான் வரை கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

முந்தின நாள் நல்ல மழை. தேவகி வீட்டு வாசலில் செம்மண் குழைந்திருந்தது. ஓரமாக ஒரு வடிகால். ஓட்டியது நான். வேனை அப்படியே நிறுத்தி இறங்கியிருக்கலாம்.

“இப்படி நிக்கக் கூடாது,” என்றார் மாமா. “நல்ல காரியத்துக்கு வந்த வண்டி கெழக்கப் பாத்துதான் நிக்கணும்.”

“மாமா, மண்ணு ஈரமா இருக்கு.”

“நீ ரிவர்ஸ் எடு. நான் பாத்துச் சொல்றேன் லா.”

இறங்கிப் பின்னால் போய் நின்றார். “வா… வா… வா… எடம் இருக்கு… வா…” என்று கையாட்டினார். இடம் இருந்தது உண்மைதான். அந்த இடம் வடிகாலுக்குள் இருந்தது. பின்சக்கரங்கள் இரண்டும் வழுக்கி இறங்கின. வேன், மூக்கை மேலே தூக்கிக்கொண்டு, மிகச் சரியாகக் கிழக்கைப் பார்த்து நின்றது.

இந்த இடத்தில் பெண்ணின் அப்பா பெருமாளை அறிமுகப்படுத்த வேண்டும். தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். மழைக்காலத்தில், சேற்றில், பத்து டன் குலையோடு லோரியை மேட்டில் ஏற்றியவர். சேற்றில் மாட்டிய வண்டியைப் பற்றி அந்த வட்டாரத்தில் யாருக்காவது சந்தேகம் வந்தால் அவரிடம்தான் போய்க் கேட்பார்கள். இதையும் கல்யாணத் தரகர் எங்களிடம் சொல்லியிருந்தார். (தகவல் பற்றாக்குறையால் நான் கெட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது.)

பெருமாள் வேனைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். “பரவால்ல சார். மொதல்ல வந்து ஒக்காருங்க. வண்டிய அப்பறம் எடுத்துக்கலாம்,” என்றார்.

உட்கார வைத்தது வீட்டுக்கு முன்னால் போட்டிருந்த போர்ச்சில். கார் நிறுத்தவும், விசேஷ நாளில் ஆட்கள் உட்காரவும் இழுத்துக் கட்டும் தகரக் கூரை. நான்கு இரும்புத் தூண்கள். தோட்டத்து லயத்தில், வரிசை வீட்டில் பிறந்து வளர்ந்த குடும்பம், சொந்த வீடு கட்டி, கடைசியாகச் செய்யும் காரியம் போர்ச் போடுவதுதான். அது போட்ட பிறகுதான் வீடு முடிந்ததாகக் கணக்கு. பெருமாளின் போர்ச்சில் பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. மேசையில் ஐந்து தட்டு: ஆப்பிள், ஆரஞ்சு, லட்டு, வெற்றிலை, பூ.

தேவகி டீ கொண்டுவந்தாள். வேனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“கவலப்படாதீங்க. அந்த எடத்துல எல்லாரும் விழுவாங்க. போன மாசம் எங்க சித்தப்பா விழுந்தாரு,” என்றாள்.

சிரித்தாள். படத்தில் இல்லாத சிரிப்பு. நானும் சிரித்தேன். என் வாழ்க்கையில் அந்தப் பத்து வினாடியை மட்டும் வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னால் வைத்துக்கொள்வேன். அதோடு நான் டீயைக் குடித்துவிட்டு, படித்த புத்தகங்களைப் பற்றி இரண்டு வார்த்தை பேசியிருந்தால் போதும். அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“மணி மூணே முக்கால். வண்டி எப்படி வெளிய வரும்?”

“தோட்டத்து டிராக்டர் அஞ்சு மணிக்கு இந்தப் பக்கம் வரும்க்கா. சொன்னா இழுத்து விட்டுருவான்,” என்றார் பெருமாள்.

“அஞ்சு மணி ராகு காலம்.”

“அப்ப ரெண்டு மட்டைய வெட்டி டயருக்கு அடில போட்டு, காத்தக் கொஞ்சம் எறக்கிட்டா நாமளே எடுத்துரலாம்.”

மாமா டீக் கிளாசை வைத்தார். “நல்ல காரியத்துக்கு வந்த வண்டில காத்த எறக்குறதா? அது நல்லதில்லங்க.”

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன்.

“கயிறு இருக்கா அங்கிள்?”

நான் நினைத்தது ஒன்றும் பைத்தியக்காரத்தனம் இல்லை. அதுதான் இதில் பெரிய துக்கம். கயிற்றை இரண்டு பக்கமும் விறைப்பாகக் கட்டிவிட்டு, நடுவில் பிடித்துப் பக்கவாட்டில் தள்ளினால், தள்ளுகிற பலத்தைப் போலப் பல மடங்கு பலத்தோடு கயிறு தன் நுனிகளை இழுக்கும். கயிறு எவ்வளவு நேராக இருக்கிறதோ அவ்வளவு மடங்கு. இதைக் கணக்குப் போட வெக்டர் வேண்டும். விசை என்பது வெறும் பலம் இல்லை. எந்தப் பக்கம் என்பதும் சேர்ந்ததுதான் விசை. அதனால் அதை அம்பாக வரைகிறோம். நீளம் பலத்தைச் சொல்லும், முனை திசையைச் சொல்லும். ஒரு பொருளின் மேல் எந்தெந்த விசை வேலை செய்கிறது என்று தெரிய வேண்டுமானால், அந்தப் பொருளை மட்டும் வரைந்து, அதன் மேல் அம்புகளைப் போட வேண்டும். சுற்றி இருக்கும் வீடு, மரம், மாடு எதையும் போடக் கூடாது. ‘பொருளை மட்டும் போடு. பின்னணி வேண்டாம்’ என்று வருடா வருடம் சொல்வேன். பாடம் சரியானதுதான். அதைத் தூக்கிக்கொண்டு பெண் பார்க்கப் போனதுதான் தவறு.

“ஒரு தாள் வேணும்,” என்றேன்.

அம்மா கைப்பையைத் துழாவி, கையில் அகப்பட்டதை எடுத்துக் கொடுத்தார். ஜாதகம். பத்துப் பொருத்தம் எழுதிய பக்கத்தைக் கவிழ்த்துவிட்டு, அதன் முதுகில் வேனை வரைந்தேன். வேனுக்கு ஒரு கட்டம். வேனிலிருந்து ஒரு கோடு. கோட்டின் நடுவில் ஒரு சின்ன வளைவு, நாலு டிகிரி. அம்பு. இன்னோர் அம்பு. கீழே ஒரு சமன்பாடு.

“பாருங்க அங்கிள். நடுவுல ஒரு ஆள் தள்ளினா, கயிறு ஏழு ஆள் பலத்துல வேன இழுக்கும். நானும் மாமாவும் தள்ளினா பதினாலு ஆள்.”

பெருமாள் தாளைப் பார்த்தார். பிறகு வேனைப் பார்த்தார். “மட்டை வெட்டிப் போட்டா அஞ்சு நிமிசம்தான் சார்,” என்றார் மெதுவாக.

நான் அப்போது சொன்ன வார்த்தையை இருபது வருடமாக மறக்கப் பார்க்கிறேன். “அது அனுபவம் அங்கிள். இது அறிவியல்.”

அவர் உள்ளே போய் லோரிக் காலத்துக் கம்பிக் கயிறு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டார் கேட்டதை அன்றைக்கு யாரும் மறுக்க மாட்டார்கள். கேட்கிறவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தவன் எதையும் கேட்க மாட்டான்.

வேனின் மூக்குக்கு நேர் எதிரில், கயிறு எட்டும் தூரத்தில் உறுதியாக நின்றது ஒன்றே ஒன்றுதான். போர்ச்சின் முன் தூண். நான் கயிற்றை அதில் சுற்றினேன்.

“அது போன மாசம்தான் நட்டது சார்,” என்றார் பெருமாள்.

இதற்கு ‘கட்டாதே’ என்று அர்த்தம். பெண்ணைப் பெற்றவர் அன்றைய தினத்தில் அவ்வளவுதான் சொல்ல முடியும். நான் அதைத் தூணின் தகுதிச் சான்றிதழாக எடுத்துக்கொண்டேன்.

“புதுசுன்னா நல்லதுதான் அங்கிள்.”

தேவகி கதவருகில் நின்று தாளை வாங்கிப் பார்த்தாள். அவள் அதைப் புரட்டிப் பார்த்துத் தன் ஜாதகம் என்று தெரிந்துகொண்டதை நானும் பார்த்தேன். மறுபடி படத்தைத் திருப்பினாள். கொஞ்ச நேரம் கோட்டின் மறு நுனியையே பார்த்தாள். அந்த நுனியில் ஒன்றும் இல்லை. நான் அதை வெற்றுத் தாளில் விட்டிருந்தேன்.

“அந்தப் பக்கமும் பதினாலு ஆளா?” என்று கேட்டாள்.

“எந்தப் பக்கம்?”

“தூணு பக்கம். கயிறு ரெண்டு பக்கமும்தானே இழுக்கும்?”

என் எதிரில், ஒரு டீத் தட்டோடு, என் வாழ்க்கையிலேயே நான் சந்தித்த மிகச் சிறந்த மாணவி நின்றுகொண்டிருந்தாள். வகுப்பில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் பாடத்தை நிறுத்திவிட்டுப் பாராட்டியிருப்பேன். ஆனால் அன்றைக்கு மணி நாலு. அம்மா பார்க்கிறார், மாமா பார்க்கிறார், லோரி ஓட்டியவர் பார்க்கிறார்.

“அது கணக்குல வராதுங்க,” என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். அதுதான் இன்னும் மோசம். “நாம எடுத்துக்கிட்ட பொருள் வேன். தூண் இல்ல. வேன் மேல உள்ள விசைய மட்டும் பாத்தா போதும்.”

அவள் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பிறகு அமைதியாகப் போர்ச்சுக்குள் போய், “அம்மா, ஆன்ட்டி, கொஞ்சம் உள்ள வந்து ஒக்காருங்க. வெளிய வெயில் அடிக்குது,” என்றாள். வெயில் அடிக்கவில்லை. வானம் மூடியிருந்தது. நாற்காலிகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்தாள். இதெல்லாம் எதற்கு என்று நான் யோசிக்கவில்லை. பொறுப்பான பெண் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

கம்பிக் கயிற்றின் நடுவில் கோணிச் சாக்கைச் சுற்றி, நானும் மாமாவும் தோள் கொடுத்தோம். மாமா கனமான ஆள். மீன் பெட்டி தூக்கிய தோள். “ஒண்ணு, ரெண்டு…” என்றேன்.

கயிறு பாடியது. உண்மையிலேயே பாடியது, வீணைக் கம்பியைத் தட்டியது போல ஒரு சத்தம். வேன் முனகிக்கொண்டு முன்னால் நகர்ந்தது. நாலு அங்குலம் இருக்கும். என் கணக்கு சரி. நான் தலையைத் திருப்பித் தேவகியைப் பார்த்தேன், அவள் முகத்தில் வியப்பு வரும் என்று எதிர்பார்த்து. அவள் வேனைப் பார்க்கவே இல்லை. தூணின் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எது எங்கே உடையும் என்று வேலையில் பார்த்துப் பழகிய பார்வை.

தூணைத் தரையோடு பிடித்திருந்த நாலு போல்ட்டில் இரண்டு முதலில் பிடுங்கிக்கொண்டு வந்தன. மற்ற இரண்டும் அவற்றைப் பிரிந்து இருக்க மனமில்லாமல் பின்னாலேயே வந்தன. மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்குவதற்காக நட்ட தூண் அது. பக்கத்திலிருந்து ஒருவன் வந்து இழுப்பான் என்று அதனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. விசைக்குத் திசை உண்டு என்று வருடம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கிறவன், அன்று திசையைக் கேட்கவே இல்லை.

தூண் எங்களை நோக்கி நாலடி நடந்து வந்தது. கூரையின் அந்த மூலை அவசரப்படாமல், மரியாதை தெரிந்த ஆளைப் போலக் குனிந்து, ஐந்து தட்டுகள் இருந்த மேசை மேல் தலையை வைத்தது. ஆப்பிள்கள் மட்டும் தப்பித்து வடிகாலை நோக்கி உருண்டன. ‘என்ன சத்தம்’ என்று அம்மா வெளியே வந்தார். கூரை ஓரத்துத் தகரப் பீலியில் முந்தின நாள் மழைத் தண்ணீர் அப்படியே தேங்கியிருந்தது. சரிந்த பீலி அதை அவருக்காகவே வைத்திருந்தது போல ஊற்றியது. காஞ்சிபுரம் பட்டு, தலை, கைப்பை, அதற்குள் திரும்பிப் போயிருந்த ஜாதகம் எல்லாம் நனைந்தன.

“கை நனைக்கக் கூடாதுன்னுதானே சொன்னேன்,” என்றார் அம்மா. (அவர் சொன்னது நகைச்சுவை இல்லை. அப்போது இல்லை.)

கயிறு தளர்ந்ததும் வேன் தன் நாலு அங்குலத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழைய இடத்தில் போய் அமர்ந்தது.

பெருமாள் கூரையைப் பார்த்தார். தூண் இருந்த இடத்தில் தெரிந்த நாலு ஓட்டையைப் பார்த்தார். உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் பாராங் கத்தி இருந்தது, முழங்கை நீளத்துக்கு. மாமா மெல்ல என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். நான் பின்னால் போய் நிற்க யாருடைய முதுகும் இல்லை. வெட்டினால் நியாயம் என்றுதான் தோன்றியது. சாவதற்கு முன் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

அவர் எங்களைத் தாண்டிப் போய், காட்டோரத்துச் செம்பனையில் இரண்டு மட்டையை வெட்டினார். முள்ளைச் சீவினார். பின்சக்கரங்களுக்கு முன்னால் செருகினார். காற்றை ‘உஸ்’ என்று கொஞ்சம் இறக்கினார். மாமா தடுக்கவில்லை. நல்ல காரியம் என்று அதற்கு மேல் அங்கே எதுவும் மிச்சம் இல்லை. பெருமாள் ஏறி உட்கார்ந்து, மெதுவாக, வண்டியைத் தட்டிக்கொடுப்பதைப் போல ஒரு தடவை மிதித்தார். வேன் வெளியே வந்தது. அப்படியே வளைத்து, சாலையைப் பார்த்து, மேற்கு முகமாக நிறுத்திவிட்டு இறங்கினார். ஐந்து நிமிடம் என்று சொல்லியிருந்தார். நாலுதான் ஆனது.

“அங்கிள்,” என்றேன். “நான்…”

“மணி நாலே கால் தம்பி. பாத்துப் போங்க.”

வந்தபோது ‘சார்’. போகும்போது ‘தம்பி’. அந்த ஒரு மணி நேரத்தில் நான் இழந்ததை அந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் அளந்துவிடலாம்.

வேன் இஜோக் வந்த பிறகு மாமா, “ராகு காலத்துக்கு முன்னாடி கெளம்பிட்டோம், அதுவரைக்கும் நல்லது,” என்றார். அம்மா தலையைத் துவட்டிக்கொண்டே அவரைப் பார்த்த பார்வையில், மாமா மீதி வழி முழுக்கச் சாலை ஓரத்து மரங்களையே எண்ணிக்கொண்டு வந்தார்.

மூன்று நாள் நான் எனக்குள் ஒரு வழக்கு நடத்தினேன். தூண் விழுந்தது விபத்து. விபத்துக்காக ஒரு பெண் மறுக்க மாட்டாள். அதிலும் இவள் சிரித்தவள், புத்தகம் கேட்டவள். நான் போய் வேறு தூண் நட்டுக் கொடுப்பேன். பிற்காலத்தில் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிச் சிரிப்போம். இப்படி என் தரப்பு வாதங்கள் பலமாகத்தான் இருந்தன.

புதன்கிழமை தேவகியின் அம்மா கூப்பிட்டார். அம்மா ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு ‘ம்’, ‘ம்’ என்று மட்டும் சொன்னார். நான் கையில் பரீட்சைத் தாள் கட்டோடு நின்றுகொண்டிருந்தேன். வைத்துவிட்டுச் சொன்னார்:

“பொண்ணு வேணாம்னு சொல்லுதாம்.”

“போர்ச்சுக்காகவா?”

“போர்ச்சுக்காக இல்லையாம். போர்ச்ச அவங்க அப்பா கட்டிக்குவாராம்.” அம்மா என் பக்கம் திரும்பினார். “அது ஏதோ கேட்டுச்சாமே. நீ ‘அது கணக்குல வராது’ன்னு சொன்னியாமே. அதுக்காகத்தானாம்.”

என் வாதங்கள் எல்லாம் போர்ச்சைப் பற்றியவை.

அடுத்த ஞாயிறு, வெல்டிங் செய்யும் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு தனியாகப் போனேன். தூணுக்காகப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். (தூணுக்காக மட்டும் என்று எழுத எனக்கு இன்றைக்கும் கை வரவில்லை.) பெருமாள் ஏற்கெனவே தூணை நட்டுவிட்டிருந்தார். இந்த முறை அடியில் முழங்கால் உயரத்துக்குக் கான்கிரீட். என்னைத் திட்டவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார். அவர் மனைவிதான் கொண்டுவந்தார். தேவகி ரவாங்குக்குப் போய்விட்டாள் என்று நான் கேட்காமலே சொன்னார்.

“அவங்க கேட்டது சரிதான்னு சொல்லிடுங்க அங்கிள்,” என்றேன். “கயிறு ரெண்டு பக்கமும்தான் இழுக்கும்.”

“அதுக்குத் தெரியும் தம்பி,” என்றார் பெருமாள்.

அடுத்த வருடம் அவளுக்குக் கல்யாணம் ஆனது. பத்திரிகை எங்கள் வீட்டுக்கும் வந்தது. அம்மா மட்டும் போய்வந்தார். மணவறையைப் போர்ச்சில்தான் போட்டிருந்தார்களாம். ‘தூணு அசையல’ என்று அம்மா வந்து சொன்னார்.

கதை எனக்கு முன்னால் ஊர் ஊராகப் போனது. மூன்று வருடம் கழித்துத் தஞ்சோங் காராங்கில் சரஸ்வதியைப் பார்க்கப் போனபோது, அவள் அப்பா வணக்கம் சொன்ன கையோடு வீட்டைச் சுற்றிக் காட்டினார். “எல்லாம் கான்கிரீட் தூணு. உள்ள கம்பி தடிப்பா போட்டிருக்கு,” என்றார். கொல்லையில் துணி காயப்போடும் கயிற்றைக்கூடக் கழற்றி வைத்திருந்தார்கள். சரஸ்வதி டீ கொடுத்துவிட்டு, “ஏதாவது இழுக்கணும்னா சொல்லிட்டு இழுங்க,” என்றாள். அன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை. அதனால்தான் எனக்குக் கல்யாணம் ஆனது.

ஆனால் அம்மா, மருமகள் வந்த முதல் வாரமே, ஈரம் பட்டுக் கோடுகள் கலங்கிய அந்த ஜாதகத் தாளைப் பூஜை அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். முன்பக்கம் பத்துப் பொருத்தம், பின்பக்கம் வேன். இன்றைக்கு அது எங்கள் வீட்டின் முக்கிய ஆவணம். என் மகள் அதைப் படம் பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் ஸ்டிக்கராகவே போட்டுவிட்டாள். அடியில் நான் சொன்ன அந்த மூன்று சொற்கள்.

போன மாதம் பள்ளி விடுமுறைக்கு எங்கே போவது என்று பேச்சு வந்தது. சரஸ்வதிக்குக் கேமரன் மலை. மகனுக்குப் பினாங்கு. மகளுக்கு இரண்டும். கடைசியில், முதலில் பினாங்கு, திரும்பும் வழியில் மலை, அம்மாவையும் மாமாவையும் அழைத்துக்கொள்வது, மாமாவின் முழங்கால் வலிக்காக நடுவில் மூன்று இடத்தில் நிறுத்துவது என்று முடிவானது. அத்தனை தூரமும் வண்டி ஓட்டப்போவது நான்.

“எனக்கு முதுகு ஒரு வாரமா புடிச்சுக்கிட்டு இருக்கு,” என்றேன்.

மூன்று பேரும் பயணப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து நிமிரவில்லை. என் மகன்தான் சொன்னான். அவனுக்குப் பதினைந்து வயது. பெருமாளை அவன் பார்த்ததே இல்லை.

“பா, அது கணக்குல வராது லா.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு எழுந்து போய் அறைக் கதவோரம் சாய்ந்து நின்றேன். ஆளுக்கொரு பக்கம் இழுத்து அவர்கள் பட்டியலை முடித்துக்கொண்டிருந்தார்கள். இருபது வருடத்தில் முதல்முறையாக, அந்தத் தூணுக்கு அன்று மதியம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன்.